பாட வந்தவரை நடிக்க விட்டால்: கிஷோர் குமாரின் கதை

ஒரு சின்னக் கேள்வி. உங்க கிளாஸ்ல எத்தனை பேர் இந்த பிராஞ்சைத் தாங்களே ஆசைப்பட்டு எடுத்தாங்க? மாமா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா ஐடியில நல்லா இருக்காங்க, கவுன்சலிங்ல கட் ஆஃபுக்கு இதுதான் கிடைச்சது... பாதிப் பேர் கதை இப்படித்தான் இருக்கும். ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட் சீசன் வந்ததும் அந்தக் கேள்வி திரும்ப வரும். நாம கேட்ட வேலையும் நமக்குக் கிடைக்கிற வேலையும் ஒண்ணா?

இந்த இதழுக்கு ஒரு பழைய ஆளைப் பத்தி எழுதலாம்னு யோசிச்சப்ப, அந்தக் கேள்வியோட இருபது வருஷத்துக்கும் மேல வாழ்ந்த ஒருத்தர் ஞாபகம் வந்தார். பாடணும்னு வந்தவர். வீட்டுப் பெரியவர் நடிக்கச் சொன்னார். வேண்டா வெறுப்பா நடிக்கப் போனவர், இந்தி சினிமாவோட மிகச் சிறந்த காமெடிப் படங்கள் சிலதை நமக்குக் கொடுத்துட்டுப் போயிட்டார். அவர்தான் கிஷோர் குமார்.

திருச்சிக்காரங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நிறைய இருக்கு. எனக்கு இவரை அறிமுகப்படுத்தினது ஹாஸ்டல்ல இருக்கற வடநாட்டு நண்பன் இல்ல, ஸ்ரீரங்கத்துல இருக்கற எங்க அம்மாவைப் பெத்த பாட்டி.

கடைக்குட்டி

1929 ஆகஸ்ட் 4. இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் காண்ட்வா என்ற ஊர். அங்கே குடியேறியிருந்த ஒரு வங்காளிக் குடும்பம். அப்பா குஞ்சலால் கங்குலி வக்கீல். நாலு பிள்ளைகளில் கடைசிப் பையன், பேர் ஆபாஸ் குமார். மூத்த அண்ணனுக்கும் இவருக்கும் கிட்டத்தட்ட 18 வயசு வித்தியாசம். அந்த அண்ணன்தான் அசோக் குமார். தம்பி ஸ்கூல்ல படிக்கும்போதே அண்ணன் பம்பாய் டாக்கீஸின் பெரிய ஹீரோ. நடு அண்ணன் அனூப்பும் பின்னாடி நடிகரானார்.

சின்ன வயசில் ஆபாஸின் குரல் கரகரன்னு இருக்குமாம். ஒரு நாள் காலில் பலத்த அடிபட்டு, வலி தாங்காமல் நாள்கணக்கில் அழுதானாம். அழுது அழுதே தொண்டை திறந்துகொண்டது என்று அசோக் குமார் சொல்வதுண்டு. மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் இதை ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. ஆனா குருவிடம் உட்கார்ந்து முறையாகச் சங்கீதம் கற்காத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. அவருக்குத் தெரிந்த ஒரே பாடத்திட்டம் கே.எல். சைகலின் கிராமபோன் ரெக்கார்டுகள். சைகல் எப்படிப் பாடினாரோ அப்படியே பாடிக் காட்டுவார்.

காலேஜ் படித்தது இந்தூரில், கிறிஸ்டியன் காலேஜ். கேன்டீன்ல அவர் வைத்த பாக்கி அஞ்சு ரூபாய் பன்னிரண்டு அணா என்றும், பின்னாளில் தன் படத்தில் அதே தொகையை வைத்து ஒரு பாட்டே வந்தது என்றும் சொல்வார்கள். நம்ம கேன்டீன் அண்ணன் நோட்டில் பேர் இருக்கறவங்க தைரியமா இருங்க.

அண்ணன் போட்ட கணக்கு

பம்பாய்க்கு வந்ததும் பேர் கிஷோர் குமார் ஆனது. 1946இல் 'ஷிகாரி' படத்தில் சின்ன வேஷம். 1948இல் 'ஜித்தி' படத்தில் தேவ் ஆனந்துக்காக முதல் தனிப் பாட்டு. இசை கேம்சந்த் பிரகாஷ். பாடியது கிஷோர், ஆனால் கேட்டால் சைகல் மாதிரியே இருக்கும். அசோக் குமார் வீட்டுக்கு வந்த எஸ்.டி. பர்மன் இவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, இன்னொருவரைப் போலப் பாடாதே, உனக்கென்று ஒரு பாணியைத் தேடு என்று அறிவுரை சொன்னார். அந்த ஒரு அறிவுரைக்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த கிஷோர் ஆரம்பமாகிறார்.

அண்ணன் கணக்கு வேற. பாட்டு நிரந்தரமில்லாத தொழில், நடிப்பில் காசும் பேரும் இருக்கு, தம்பி நடிகனாகத்தான் ஆகணும். அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. நம்ம வீட்டிலும் இதே கணக்கைத்தான் போடறாங்க, நமக்கு நல்லது நினைச்சுத்தான் போடறாங்க.

தம்பி என்ன பண்ணினார்? செட்டுக்கு லேட்டா போனார். வசனத்தை மறந்தார். கேமரா ஓடும்போது கோணல் மூஞ்சி காட்டினார். டைரக்டர் வெறுத்துப்போய் விரட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தார். ஒருத்தரும் விரட்டவில்லை. அந்தக் கோணல் மூஞ்சியைப் பார்த்து தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். தப்பிக்கப் பண்ணின சேட்டையே அவருடைய ஸ்டைல் ஆகிவிட்டது.

குரலையும் சும்மா விடவில்லை. யோடலிங் கேள்விப்பட்டிருப்பீங்க. நெஞ்சிலிருந்து வரும் கனமான குரலை ஒரு நொடியில் உச்சிக் குரலுக்குத் தாவவிட்டு, உடனே கீழே இறக்குவது. ஆல்ப்ஸ் மலை இடையர்கள் தூரத்து ஆட்களைக் கூப்பிடப் பயன்படுத்தியது. ஜிம்மி ராட்ஜர்ஸ், டெக்ஸ் மார்ட்டன் போன்றவர்களின் ரெக்கார்டுகளைக் கேட்டு கிஷோர் அதைத் தானே பழகிக்கொண்டார். அதே காலத்தில் நம்ம பக்கம் இதைச் செய்தவர் தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி. சந்திரபாபு. ரெண்டு பேரும் சிரிக்க வைத்தவர்கள், ரெண்டு பேரும் தன் குரலில் பாடி நடித்தவர்கள். சந்திரபாபு பாட்டு பிடிச்சவங்களுக்கு கிஷோரைப் பிடிக்க அஞ்சு நிமிஷம் போதும்.

1954இல் பிமல் ராய் இயக்கிய 'நௌக்ரி'. பேருக்கு அர்த்தமே வேலை. டிகிரி முடிச்ச பையன், ஒரு வேலை கிடைச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நம்பறான். நோயாளித் தங்கையைக் காப்பாத்தலாம், சின்னதா ஒரு வீடு கட்டலாம். வேலை கிடைக்கறதுக்குள்ள தங்கை போயிடறா. படம் முழுக்க அலையறான். அதில் ஹீரோ கிஷோர். ஆனால் அவர் பாட்டை அவரே பாட இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்கு முதலில் சம்மதமில்லை, முறையான பயிற்சி இல்லாதவர் என்பதால். ஹேமந்த் குமாரைப் பாட வைப்பதாக இருந்தார். கிஷோர் கெஞ்சிக் கேட்டுத்தான் பாடினார். வேலை தேடும் பையனாக நடிப்பவர், தன் சொந்த வேலைக்காக வாசலில் நின்ற கதை இது.

இதைவிட வேடிக்கை 1958இல் வந்த 'ராகினி'. அதில் ஒரு சாஸ்திரியப் பாட்டு. திரையில் பாடுபவர் கிஷோர், பின்னணிக் குரல் முகமது ரஃபி. பாட வந்தவர், இன்னொருவர் குரலுக்கு வாயசைத்தார்.

மெட்ராஸ் கொடுத்த சிரிப்பு

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1948இல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' இந்தியில் பெரிய வெற்றி அடைந்த பிறகு, மெட்ராஸ் ஸ்டூடியோக்கள் இந்திப் படம் எடுப்பதை ஒரு தொழிலாகவே செய்தன. தமிழில் ஓடின கதையை இந்தி நட்சத்திரங்களை வைத்து எடுப்பது, அல்லது ரெண்டு மொழியிலும் சேர்த்தே எடுப்பது. கிஷோரின் ஆரம்பகாலப் படங்களில் பல இப்படி வடபழனியில் தயாரானவை.

1953இல் ஏவிஎம்மின் 'லட்கி', வைஜெயந்திமாலாவோடு. இதுதான் தமிழில் 'பெண்'. அந்தப் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பாடினவர் யார்னு பாருங்க, நம்ம சந்திரபாபுதான். 1956இல் ஏவிஎம்மின் 'பாய் பாய்', தமிழ் 'ரத்த பாசம்' படத்தின் இந்தி வடிவம். அசோக் குமாரும் கிஷோரும் பிரிந்துபோன அண்ணன் தம்பியாகவே நடித்தார்கள்.

1957இல் 'மிஸ் மேரி'. நம்ம 'மிஸ்ஸியம்மா'தான். வேலை கிடைக்கணும்னா புருஷன் பொண்டாட்டியாக இருக்கணும் என்று ஒரு ஸ்கூலில் நிபந்தனை, வேலையில்லாத ரெண்டு பேர் பொய்யாகத் தம்பதி ஆகிறார்கள். தமிழில் கே.ஏ. தங்கவேலு செய்த துப்பறியும் கோமாளி வேஷம், இந்தியில் கிஷோருக்கு. ஹீரோ நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் ஜெமினி கணேசன், மீனாகுமாரிக்கு ஜோடியாக. தமிழில் தங்கவேலுவின் அலட்டாத சிரிப்பைப் பார்த்துவிட்டு இந்தியில் கிஷோரின் துள்ளலைப் பாருங்க. ஒரே வேஷத்தை ரெண்டு ஊர் எப்படிச் சிரிக்குதுன்னு புரியும்.

இதுக்கு நடுவில் 1956இல் மோகன் சேகல் இயக்கிய 'நியூ டெல்லி'. என்னைக் கேட்டா, தமிழ் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கிஷோர் படம் இது. ஜலந்தர் பஞ்சாபிப் பையன் டெல்லிக்கு வருகிறான். ஒருத்தரும் வாடகைக்கு வீடு தர மாட்டேங்கறாங்க, அவங்கவங்க ஊர்க்காரனுக்குத்தான் வீடு. வேற வழியில்லாமல் தமிழன் வேஷம் போட்டு, குமாரசாமி என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு இடத்தில் நுழைகிறான். அங்கே தமிழ்ப் பொண்ணு ஜானகியைக் காதலிக்கிறான். ஜானகியாக நடித்தவர் வைஜெயந்திமாலா. பேச்சிலர்னு சொன்னா வீடு கிடைக்காம பெங்களூர்ல தெருத்தெருவா அலையற நம்ம சீனியர்களைக் கேளுங்க, படத்துக்கு இன்னும் வயசாகலைன்னு சொல்வாங்க.

மூணு மெக்கானிக், ஒரு அரை டிக்கெட்

1958இல் வந்தது 'சல்தி கா நாம் காடி'. ஓடினாத்தான் வண்டின்னு அர்த்தம் வெச்சுக்கலாம். இயக்கம் சத்யேன் போஸ், இசை எஸ்.டி. பர்மன். மூணு சகோதரர்கள் ஒரு மோட்டார் காராஜ் நடத்துகிறார்கள். மூணு பேராகவும் நடித்தது நிஜ சகோதரர்கள் அசோக், அனூப், கிஷோர். பெரியண்ணன் ஒரு பழைய பாக்ஸர், பெண்கள் என்றாலே ஆகாது. ஒரு மழை ராத்திரி, நைட் டூட்டியில் தம்பி தனியாக இருக்கும்போது கார் ரிப்பேராகி நனைஞ்சுகிட்டே வந்து நிற்கிறார் மதுபாலா.

மெக்கானிக்கல் மக்கள் கவனிங்க. அந்தக் காட்சியில் காதல் பாட்டுக்குத் தாளம் போடுவது ஸ்பேனரும் கார் பானெட்டும்தான். வேலையையும் விடாமல், பாட்டையும் விடாமல், பொண்ணையும் நேராகப் பார்க்காமல் ஒரு வெட்கப்பட்ட பையன் காதலிக்கிற விதம். காமெடியும் காதலும் வேற வேற டிராக் இல்லை என்று அந்த ஒரு காட்சி காட்டும். வருமான வரிக்கு நஷ்டக் கணக்குக் காட்டுவதற்காக ஓடாத படமா எடுக்க நினைத்து இதைத் தயாரித்தார், அது பிய்த்துக்கொண்டு ஓடியது என்று சினிமா உலகில் ஒரு கதை சுற்றுகிறது. இவரைப் பற்றி எந்தக் கதை சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள் என்பது மட்டும் உண்மை.

1962இல் 'ஹாஃப் டிக்கெட்'. பணக்கார அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் பையனிடம் பம்பாய்க்கு முழு டிக்கெட் வாங்கக் காசில்லை. அரை டிராயர் போட்டுச் சின்னப் பையனாக மாறி அரை டிக்கெட் வாங்குகிறான். வைரம் கடத்தும் பிராண் அந்த வைரத்தை இவன் பையில் போட்டுவிட, துரத்தல் ஆரம்பம். இதில் ஒரு பாட்டில் கிஷோர் பெண் வேஷத்தில் வருவார். பெண் குரலுக்கு லதா மங்கேஷ்கர் பாடுவதாக இருந்தது, அன்று அவர் ஊரில் இல்லை. ஆண் குரல், பெண் குரல் ரெண்டையும் தானே பாடுகிறேன் என்று கிஷோர் சொல்ல, சலில் சௌத்ரி ஒத்துக்கொண்டார். 'நௌக்ரி'யில் ஒரு குரலுக்கே யோசித்த அதே சலில் சௌத்ரி. எட்டு வருஷம் ஆச்சு.

சிரிப்புக்குப் பின்னாடி

இந்தப் படங்களில் நாம் பார்க்கிற கிஷோர் - மதுபாலா ஜோடி நிஜ வாழ்க்கையிலும் சேர்ந்தது. பாடகியும் நடிகையுமான முதல் மனைவி ரூமாவோடு 1958இல் விவாகரத்து. மகன் அமித் குமார் பின்னாளில் பாடகரானார். 1960இல் மதுபாலாவோடு கல்யாணம். மதுபாலாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. லண்டனுக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது டாக்டர்கள் நம்பிக்கை தரவில்லை. அதற்குப் பிறகு அவர் பெரும்பாலும் படுக்கையில்தான். கடைசி வருஷங்களைத் தன் அப்பா வீட்டிலேயே கழித்தார். கிஷோர் எப்போதாவதுதான் வந்து பார்த்தார் என்று மதுபாலா குடும்பத்தினருக்கு வருத்தம் இருந்தது. 1969 பிப்ரவரி 23இல், 36 வயதில், மதுபாலா இறந்தார். நமக்குப் பிடித்தவர் என்பதால் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்க எனக்கு மனசில்லை. சிரிக்க வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சோகம் ஒரு படத்தில் எட்டிப் பார்த்தது. 1964இல் 'தூர் ககன் கி சாவோன் மே' எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் அவரே. போரிலிருந்து திரும்பும் சிப்பாய், வீடு தீயில் எரிந்து குடும்பமே போனதையும், அதிர்ச்சியில் பேச்சிழந்த சின்ன மகன் மட்டும் மிஞ்சியதையும் பார்க்கிறான். மகனாக நடித்தது அமித் குமாரே. அதில் ஒரு கோணல் மூஞ்சியும் கிடையாது. அதைத் தமிழில் ஏவிஎம் 1966இல் எடுத்தது. பேர் 'ராமு', சிப்பாய் ஜெமினி கணேசன். உங்க தாத்தா பாட்டியைக் கேளுங்க, 'ராமு' பார்த்து அழாதவங்க குறைவு. மெட்ராஸ் கதைகள் கிஷோருக்குச் சிரிப்பைக் கொடுத்தன. அவர் திருப்பிக் கொடுத்தது இந்த அழுகையை.

திருச்சி ஜங்ஷனும் தென்னூரும்

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம்ம ஊரைப் பத்திப் பேசணும். 1964 ஜனவரி 25. இந்தித் திணிப்பை எதிர்த்து கீழப்பழுவூர் சின்னசாமி தன் உடலில் தீ வைத்துக்கொண்டது திருச்சி ரயில் நிலையத்தில். லீவுக்கு ஊருக்குப் போகும்போது நாம பேக்கை மாட்டிக்கிட்டு ஓடுற அதே ஜங்ஷன். அதே திருச்சியில்தான் தென்னூரில் தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தமிழ்நாட்டுக் கிளையும் இருக்கு. எங்க பாட்டி அந்தச் சபா பரீட்சைகளை எழுதினவங்க. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா வரைக்கும் பாஸ். எதுக்கு எழுதினீங்கன்னு கேட்டா, ரேடியோ சிலோன்ல வர்ற பாட்டுக்கு அர்த்தம் தெரியணும்னுதான்னு சொல்வாங்க. அதே பாட்டி, யாராவது இந்தி தெரியாதது ஒரு குறைன்னு பேசினா சும்மா விட மாட்டாங்க. ஒரு மொழி கட்டளையா வந்தா எதிர்ப்பதும், பாட்டா வந்தா ரசிப்பதும் ஒரே மனசால் முடியும். இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கு அதில் குழப்பம் இருந்ததே இல்ல.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. 1966இல் ஸ்ரீதரே அதை இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார். பணக்கார அப்பாவாகத் தாடி ஒட்டிக்கொண்டு வரும் முத்துராமன் வேஷம் கிஷோருக்கு. நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி உங்களுக்கு மனப்பாடம்னா, மெஹ்மூத் அதே காட்சியைச் செய்யும்போது வசனமே தேவைப்படாது. சப்டைட்டிலை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.

1968இல் 'படோசன்'. இந்தி காமெடி லிஸ்ட் யார் போட்டாலும் முதல் அஞ்சில் வரும் படம். சுனில் தத் அடுத்த வீட்டு சாய்ரா பானுவைக் காதலிக்கிறார். அந்தப் பொண்ணுக்குச் சங்கீதம்னா உயிர், இவருக்கோ பாட வராது. நாடகக்கார நண்பன் கிஷோர் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து பாட, சுனில் தத் வாயசைக்கிறார். பின்னணிப் பாடல் என்ற மொத்த ஏற்பாட்டையே ஒரு ஜோக்காக்கின படம். 'ராகினி'யில் இன்னொருவர் குரலுக்கு வாயசைத்தவர், இங்கே மறைந்து நின்று இன்னொருவர் வாய்க்குக் குரல் கொடுக்கிறார். இந்தக் கதையும் நமக்குப் புதுசில்லை. ஒரு வங்காளிக் கதையிலிருந்து கிளம்பி, தெலுங்கு வழியாக 1960இலேயே தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆக வந்துவிட்டது. அஞ்சலி தேவி, டி.ஆர். ராமச்சந்திரன், அப்புறம் மறுபடியும் நம்ம தங்கவேலு.

படோசனில் ஒரு உறுத்தல் உண்டு. பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளையாக மெஹ்மூத். குடுமி, நெற்றியில் பட்டை, இழுத்து இழுத்துப் பேசும் இந்தி. தமிழன் என்றால் இப்படித்தான் என்று வடக்கே பல வருஷம் சிரித்ததற்கு இந்த மாதிரி வேஷங்களும் ஒரு காரணம். ஹாஸ்டல்ல கூட்டமா பார்த்தப்ப, எல்லாரும் சிரிச்ச இடத்தில் எனக்கு முதலில் சிரிப்பு வரல. பிறகு அந்தப் போட்டிப் பாட்டு வந்தது. பிள்ளைக்குக் குரல் மன்னா டே, சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறினவர். எதிரில் ஒன்றுமே கற்காத கிஷோர். கதைப்படி கற்றவர் தோற்கணும். ஸ்வரம் போட்டு மடக்குகிறவரை கிஷோர் கத்தலாலும் யோடலிங்காலும் குழப்பி ஜெயிக்கிறார். உறுத்தல் போகவில்லை, ஆனா சிரிச்சுட்டேன். ரெண்டும் சேர்ந்து இருக்கலாம்னு நினைக்கிறேன். 'நியூ டெல்லி'யையும் 'படோசன்'னையும் அடுத்தடுத்துப் பார்த்தா, தமிழன் வேஷத்தைப் போட எத்தனை வழி இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

நாற்பது வயசில் கிடைத்த வேலை

அறுபதுகளின் பாதியில் கிஷோரின் படங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. வரித் தொல்லை வேற. ஹீரோ மார்க்கெட் போய்விட்டது. பாடகராகவும் தேவ் ஆனந்துக்கும் தனக்கும் மட்டுமே பெரும்பாலும் பாடிவந்தார். நம்ம பாஷையில் சொன்னா, வந்த வேலையும் போச்சு, கேட்ட வேலையும் கிடைக்கல.

1969இல் 'ஆராதனா' வந்தது. மதுபாலா இறந்த அதே வருஷம். எஸ்.டி. பர்மன் இசை, ராஜேஷ் கன்னா என்ற புது முகம். படம் தேசம் முழுக்க ஓடியது. இந்தி வேண்டாம் என்று போராடி முடித்திருந்த தமிழ்நாட்டிலும் ஓடியது. எங்க பாட்டி திருச்சியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்த படம். 1974இல் அது தமிழில் 'சிவகாமியின் செல்வன்' ஆனபோது நாயகன் சிவாஜி கணேசன், நம்ம சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர்.

'ஆராதனா' பாட்டுக்காகக் கிஷோருக்கு முதல் ஃபிலிம்ஃபேர் விருது. அப்போது அவருக்கு வயசு 40. அதையும் சேர்த்து மொத்தம் எட்டு முறை, ஆண் பின்னணிப் பாடகர்களில் நெடுங்காலம் அதுதான் சாதனையாக இருந்தது. ஒரு விஷயம் கவனிச்சுக் கேளுங்க. ராஜேஷ் கன்னாவுக்குப் பாடும்போது குரலில் கொஞ்சம் கொஞ்சல், அமிதாப் பச்சனுக்குப் பாடும்போது அடிக்குரல் கனம், தேவ் ஆனந்துக்கு ஒரு அலட்சியமான வேகம். யார் வாயசைக்கப் போகிறார்கள் என்று தெரிந்து பாடினார். இது எங்கே கற்றது? இருபது வருஷம் வேண்டா வெறுப்பாக கேமரா முன்னால் நின்றபோது கற்றதுதான். நடிக்கத் தெரிந்ததால்தான் அப்படிப் பாட முடிந்தது. அண்ணன் போட்ட கணக்கு வேற வழியில் வந்து டேலி ஆயிடுச்சு.

காசு விஷயத்தில் கெட்டிக்காரர், கஞ்சர் என்று பேர். பாதி சம்பளம்தான் வந்தது என்று பாதி முகத்துக்கு மட்டும் மேக்கப் போட்டு செட்டுக்கு வந்தார் என்பது பிரபலமான கதை. வீட்டு வாசலில், நாய்க்குப் பதிலாக வீட்டுக்காரரிடம் ஜாக்கிரதையாக இருக்கும்படி போர்டு வைத்திருந்தார். ஆனால் அதே கஞ்சர் சத்யஜித் ரேயின் 'சாருலதா'வில் ரவீந்திரரின் பாட்டைப் பைசா வாங்காமல் பாடிக் கொடுத்தார்.

1975இல் எமர்ஜென்சி. பம்பாயில் காங்கிரஸ் நிகழ்ச்சி ஒன்றில் வந்து பாடச் சொன்னார்கள். மறுத்தார். 1976 மே 4 முதல் ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் அவர் பாட்டுக்குத் தடை. எமர்ஜென்சி முடியும்வரை தடை நீடித்தது. அன்றைக்குப் பாட்டு ஊருக்குப் போய்ச் சேர ரேடியோதான் வழி. இருபது வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை, அதன் உச்சத்தில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னார். அவர் அரசியல்வாதி இல்லை, போராளியும் இல்லை. ஆரம்பத்தில் அண்ணனிடம் முடியாது என்று சொல்ல வாய் வராமல் மூஞ்சியைக் கோணினவர், கடைசியில் ஒரு அரசாங்கத்திடம் நேராகவே முடியாது என்று சொன்னார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

காண்ட்வாவுக்குத் திரும்பி

பம்பாயில் இத்தனை வருஷம் இருந்தும் மேடையில் தன்னைக் காண்ட்வாக்காரன் என்றே அறிமுகப்படுத்திக்கொள்வார். எல்லாத்தையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஆசை. 1987 அக்டோபர் 13, மாரடைப்பு. வயசு 58. அன்று அசோக் குமாரின் 76ஆவது பிறந்தநாள். அண்ணன் அதற்குப் பிறகு தன் பிறந்தநாளைக் கொண்டாடவில்லை. கிஷோர் உடல் காண்ட்வாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே தகனம் நடந்தது.

எனக்கும் ஒரு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. நான் கேட்ட வேலை அது இல்ல. போகப் போறேன், வீட்டுல சந்தோஷம். கிஷோர் கதையைப் படிச்சுட்டு வேலையை உதறச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்ல, அவர் அப்படிப் பண்ணவும் இல்ல. பிடிக்காத வேலைக்குப் போனார், அங்கேயும் பாட்டை மட்டும் கீழே வைக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

செமஸ்டர் லீவுக்கு ஒரு வரிசை சொல்றேன்: முதலில் 'நியூ டெல்லி', அப்புறம் 'மிஸ்ஸியம்மா'வும் 'மிஸ் மேரி'யும் சேர்த்து, 'சல்தி கா நாம் காடி', 'ஹாஃப் டிக்கெட்', கடைசியா 'படோசன்'. தனியா பார்க்காதீங்க. வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. போன சனிக்கிழமை சாயங்காலம் சத்திரத்துல ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், பாட்டிக்கு லேப்டாப்ல 'ஹாஃப் டிக்கெட்' போட்டுக் காட்டினேன். நான் கீழே ஓடுற சப்டைட்டிலைப் படிச்சுட்டு இருந்தேன். அது வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு தடவையும் பாட்டி சிரிச்சுட்டாங்க.